நாய் இனப் பட்டியலில் விடுபட்டுப்போனவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு எந்த நாய்?' என்று உங்கள் வார இணைப்பில் வந்த பட்டியலைப் பார்த்தேன். லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், பீகிள், பக், ஷிட்சூ, சிவாவா எனப் படங்கள் வரிசையாக இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் கீழே, வார்த்தை மட்டும் மாறி, ஒரே வரி: குழந்தைகளிடம் பாசமாகப் பழகும். நாய்ப் பயிற்சியைத் தொழிலாகக் கொண்டவன் என்பதால் இதை எழுதுகிறேன். இனத்தின் பெயரை மட்டும் வைத்து ஒரு நாயைப் பற்றிச் சொல்லக்கூடியவை நிறைய உண்டு. உங்கள் பட்டியல் அவற்றையெல்லாம் விட்டுவிட்டு, சொல்லவே முடியாத ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

2022இல் 'சயின்ஸ்' ஆய்விதழில் ஓர் ஆய்வு வந்தது. 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் நடத்தையை வளர்ப்பவர்களிடம் கேட்டுத் தொகுத்து, அவற்றில் 2,000க்கும் மேற்பட்டவற்றின் மரபணுவையும் படித்தார்கள். நாய்க்கு நாய் நடத்தை வேறுபடுவதில் இனத்தின் பங்கு சுமார் 9 சதவீதம்தான் என்று தெரிந்தது. சொன்னபடி கேட்குமா என்பதை இனத்தை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். சீண்டினால் எவ்வளவு சீக்கிரம் கோபப்படும் என்பதில் இனம் ஏறத்தாழ எதையும் சொல்லவில்லை. பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதோ அதுதான்.

அதற்காக இனத்தைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. எடை, முடி, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓட வேண்டும், என்ன நோய் வரும், எந்த வேலைக்காக வளர்த்தெடுத்தார்கள் ஆகியவை இனத்தோடு வருபவை. கடைசியாகச் சொன்னதை யாரும் கேட்பதில்லை.

லாப்ரடாரையே எடுத்துக்கொள்வோம். சுட்டு விழுந்த பறவையைச் சிதைக்காமல் கவ்விக்கொண்டு வருவதற்காக வளர்த்த நாய். வாய் மென்மையாக இருப்பதும், கண்ணில் பட்டதையெல்லாம் கவ்வுவதும் அந்த வேலையின் மிச்சம். பிள்ளையின் காலுறையைக் கவ்வும், சில சமயம் விழுங்கியும் விடும். அது குடலில் அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சைதான். வளர்ந்த நாய் 25 முதல் 36 கிலோ இருக்கும். ஏழெட்டு மாதத்தில் உருவம் வந்துவிடுகிறது, நிதானம் வருவதற்கோ இரண்டு மூன்று வருடம் ஆகிறது. நாலு வயதுப் பிள்ளை சுவரில் மோதி விழுவது இந்த இடைவெளியில்தான். நாய் என்னவோ கொஞ்சத்தான் பாய்ந்து வந்திருக்கும், விழுந்த பிள்ளைக்கு அது தெரியவா போகிறது? இன்னொன்று, லாப்ரடார்களில் ஏறத்தாழ நாலில் ஒன்றுக்குப் பசியைத் தூண்டும் ஒரு மரபணு மாற்றம் உண்டு. கையில் பிஸ்கட்டோடு தத்தித் தத்தி நடக்கும் குழந்தையின் கை சரியாக அதன் மூக்கு உயரத்தில் இருக்கும்.

பார்டர் காலியும் கோர்கியும் மேய்ப்பு நாய்கள். ஓடுவதைத் துரத்தி மடக்குவது அவற்றின் பிறவி வேலை, அதிலும் கோர்கி மாட்டின் குதிகாலைக் கடித்து ஓட்டுவதற்கென்றே வளர்த்தது. மந்தை இல்லாத வீட்டில் ஓடியாடும் பிள்ளைகள்தான் மந்தை. பீகிள் மோப்ப நாய். 9 முதல் 14 கிலோ, எந்தக் குழந்தையோடும் ஒத்துப்போகும் உடல்வாகு. ஆனால் மூக்கில் ஒரு வாசம் ஏறிவிட்டால் காது கேட்காது. கதவைத் திறந்து போட்டுவிட்டு விளையாடப் போகும் பிள்ளைகள் உள்ள வீட்டில் முதலில் காணாமல் போவது பீகிள்தான். நீட்டி முழக்கி ஊளையும் இடும். பக்கத்து வீட்டுக்காரர்களையும் கலந்துகொண்டு வாங்குவது நல்லது.

ஓட்ட நேரத்துக்கு, நாய் இனங்களைப் பதிவு செய்யும் பிரிட்டன் அமைப்பான கென்னல் கிளப் தரும் கணக்கு கைக்கு உதவும்: லாப்ரடார், பார்டர் காலி இரண்டுக்கும் நாளுக்கு 2 மணி நேரத்துக்கு மேல், பீகிளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல், கேவலியர் கிங் சார்ல்ஸ் ஸ்பானியலுக்கும் பக்குக்கும் 1 மணி நேரம் வரை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தினமும் 2 மணி நேரம் யார் கூட்டிப்போவது என்பதை நாய் வருவதற்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும். 'பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்' என்ற பதிலைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஓட்டம் கிடைக்காத நாய் அந்தத் தெம்பையெல்லாம் சோபாவிலும் செருப்பிலும் காட்டும். பிறகு அதைக் கட்டிப் போடுவார்கள். நாள் முழுக்கக் கட்டிக் கிடந்த நாய் அவிழ்த்ததும் பிள்ளை மேல் பாயும். 'இந்த இனமே சரியில்லை' என்ற பேச்சு அங்கிருந்துதான் கிளம்புகிறது.

சின்னக் குழந்தைக்குச் சின்ன நாய் என்று பட்டியலில் இருப்பது அப்படியே தலைகீழ். வளர்ந்த சிவாவா 3 கிலோகூட இருக்காது. பலவற்றுக்கு உச்சந்தலை எலும்பு முழுதாக மூடுவதே இல்லை. இரண்டு வயதுப் பிள்ளை தூக்கிக் கீழே போட்டால் கால் முறியும். இரண்டு முறை விழுந்த நாய், மூன்றாம் முறை கை நீளும்போதே பல்லைக் காட்டும். டாஷ்ஹண்டுக்கு நீண்ட முதுகு, அதில் முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள தட்டு விலகுவது சகஜம். அக்குளில் கைகொடுத்துத் தொங்கத் தொங்கத் தூக்குவது குழந்தைகளின் வழக்கம், அந்த முதுகு அதைத் தாங்காது.

பக், பிரெஞ்சு புல்டாக், ஷிட்சூ போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுப் பாதை குறுகல். நாய் உடம்புச் சூட்டைத் தணிப்பது பெரும்பாலும் மூச்சிரைப்பதால்தான், மூச்சே சிரமமென்றால் சூடு எங்கே போகும்? பிள்ளைகளோடு வெயிலில் துரத்திப் பிடித்து விளையாடினால் சுருண்டு விழலாம். குறட்டை விடுவதை 'அழகு' என்று உங்கள் பட்டியல் எழுதியிருப்பது வேதனை. கேவலியரின் சுபாவம் மென்மை, எடையும் 5 முதல் 8 கிலோதான். ஆனால் இதய வால்வு நோய் அந்த இனத்தில் மிக அதிகம். தாய் தகப்பன் இரண்டுக்கும் இதயப் பரிசோதனை செய்த சான்று கேட்காமல் குட்டி எடுக்கக் கூடாது. லாப்ரடார், கோல்டன் என்றால் கேட்க வேண்டியது இடுப்பு, முழங்கை மூட்டுகளின் எக்ஸ்ரே சான்று.

'பூடில் முடி உதிர்க்காது, அதனால் ஒவ்வாமை வராது' என்பதும் பாதிதான் சரி. ஒவ்வாமையைக் கிளப்புவது நாயின் எச்சிலிலும் உதிரும் தோல் துகளிலும் உள்ள புரதம். முடி அதைச் சுமந்து வரும் வண்டி மட்டுமே. பிள்ளைக்கு மூச்சிழுப்பு (ஆஸ்துமா) இருந்தால், எடுக்கப்போகும் அதே நாயோடு சில நாள் சில மணி நேரம் இருக்கவிட்டுப் பார்ப்பதுதான் வழி. பூடிலுக்கு 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை முடி திருத்தும் வேலை தனி.

எந்த இனம் என்ற கேள்வியைவிடப் பெரியது, பிள்ளைக்கு என்ன வயது, நாய்க்கு என்ன வயது என்பது. குட்டியும் குழந்தையும் சேர்ந்து வளரட்டும் என்று நினைப்பது இயல்பு. குட்டியின் பால்பல் ஊசி மாதிரி இருக்கும். பல் விழுந்து முளைத்து முடிய ஆறேழு மாதம் ஆகிவிடும், அதுவரை உலகமே அதன் வாய்க்குள்தான். அதற்கு இரவில் எழுந்து வெளியே போக வேண்டும், பகலில் பாதிக்கு மேல் தூங்க வேண்டும். தூங்கவிடாத குட்டி சிணுங்கும், கடிக்கும், குழந்தை போலவேதான். ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருக்கும் வீட்டுக்கு, இரண்டு மூன்று வயதான, ஏற்கெனவே குழந்தைகளோடு வாழ்ந்து பழகிய நாயைத்தான் நான் சொல்வேன். அது கலப்பினமாக இருந்தாலும் சரி. அதன் குணம் இன்னதென்று கண்ணால் பார்க்க முடிகிறது, குட்டியிடம் ஊகிக்கத்தான் முடியும். ஒருமுறைக்கு இருமுறை போய், வேறு வேறு நேரத்தில், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பார்க்கலாம். குழந்தை அழுதால் அது என்ன செய்கிறது? பொம்மை கீழே விழுந்தால்? விலகிப் போக வழி இருந்தும் தானாக அருகில் வருகிறதா?

குட்டிதான் வேண்டும் என்பவர்கள் தாயைப் பார்க்காமல் எடுக்கவே கூடாது. பயந்த சுபாவம் தாய்வழியாகவும் வருகிறது. ஈன்ற புதிதில் தாய் உறுமினால் பரவாயில்லை. குட்டிகளுக்கு ஏழு வாரம் ஆன பிறகும் தாய் மூலையில் ஒடுங்கி நடுங்குகிறது என்றால் திரும்பிவிடலாம். குட்டியின் மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்காவது வாரம் வரைதான் உலகத்தைப் பயமின்றிப் பழகிக்கொள்ளும் காலம். மனித நடமாட்டமே இல்லாத கொட்டகையில் அது கழிந்திருந்தால் பிறகு ஈடுகட்டுவது கடினம். சாவிக்கொத்தைக் கீழே போட்டுப் பாருங்கள். திடுக்கிட்டு ஒதுங்கி, சில நொடியில் திரும்பி வந்து மோந்து பார்க்கும் குட்டி நல்ல குட்டி. எட்டு வாரம் நிறையாமல் பிரிக்கவும் கூடாது, எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் கூடப்பிறந்த குட்டிகளிடம்தான் கற்கிறது. 'ஒன்றுக்கொன்று துணை' என்று ஒரே ஈத்தில் இரண்டை எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அவை ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு உங்களைப் பார்க்காமல் வளரும், வேலை இரண்டு மடங்குக்கும் மேல்.

புழு விஷயத்தில் அலட்சியம் கூடாது. உருளைப்புழு தாயிடமிருந்தே குட்டிக்கு வந்துவிடும், மண்ணில் விளையாடும் பிள்ளைக்கும் தொற்றும். குட்டிக்கு இரண்டு வார வயதிலிருந்து எட்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறையும் மருத்துவர் சொல்லும் அளவில் குடற்புழு மருந்து தர வேண்டும். ரேபிஸ் தடுப்பூசியைக் கால்நடை மருத்துவர் குறிக்கும் நாளில் தள்ளிப்போடாமல் போட வேண்டும். வீட்டு நாயே கீறினாலும் கடித்தாலும் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

கடைசியாக, பட்டியலின் மேலே நீங்கள் போட்டிருக்கும் படம். மூன்று வயதுக் குழந்தை ஒரு கோல்டன் ரெட்ரீவரின் கழுத்தை இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறது. குழந்தை சிரிக்கிறது. நாயைப் பாருங்கள்: வாய் மூடியிருக்கிறது, நாக்கு நுனி மூக்கை நக்குகிறது, தலை எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது, கடைக்கண்ணில் வெள்ளை பிறை போலத் தெரிகிறது, காதுகள் பின்னால் ஒட்டியிருக்கின்றன. 'என்னை விடு' என்று நாய் சொல்லும் வழி இதுதான். இதைக் கவனிக்காவிட்டால் அடுத்து உடம்பு விறைக்கும், பிறகு உறுமும். உறுமியதற்காக அடித்தால் உறுமலை விட்டுவிடும், பிடிக்காமை மட்டும் அப்படியே இருக்கும். அடுத்த முறை முன்னறிவிப்பு இருக்காது. கட்டிக்கொண்டிருக்கும் குழந்தையின் முகம் அப்போது நாயின் வாயிலிருந்து நாலு விரற்கடை தூரத்தில் இருக்கிறது. சிறு பிள்ளைகளுக்குக் கடி பெரும்பாலும் முகத்திலும் தலையிலும் விழுவதும், கடிப்பது பெரும்பாலும் தெரிந்த நாயாகவே இருப்பதும் இதனால்தான்.

பிள்ளைக்குக் கற்றுத்தரக் கூடியது எளிது: நாய் இருக்கும் இடத்துக்குப் போகாமல் கூப்பிட வேண்டும். வந்தால் மார்பிலோ பக்கவாட்டிலோ மூன்று முறை தடவிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். மறுபடி ஒட்டி வந்தால் தொடரலாம், நகர்ந்துவிட்டால் அவ்வளவுதான். தின்னும்போதும் தூங்கும்போதும் கிட்டே போகக் கூடாது. இந்த விதிகள் நினைவில் நிற்காத வயதென்றால் பெரியவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், இல்லையேல் இடையில் தடுப்புக் கதவு வேண்டும்.

திருத்தப்பட்ட பட்டியல் வெளியிடுவதாக இருந்தால், பாசம் பற்றிய வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எடை, ஓட்ட நேரம், பழைய வேலை, கேட்க வேண்டிய சான்று ஆகிய நாலையும் போடுங்கள். அந்தப் படத்தையும் மாற்றுங்கள். குழந்தை தரையில் உட்கார்ந்து கையை நீட்டியிருக்க, நாய் தானாக நடந்து வரும் படம் ஒன்று கிடைக்காமலா போகும்?

இப்படிக்கு,
நாய்ப் பயிற்சியாளர், உங்கள் வாசகர்