கடைசி ஒரு நிமிடத்தைத் திருத்தத்துக்குக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் கிளப் கிரிக்கெட் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதுகிறவன். ஓவர் முடிந்ததும் பேட்ஸ்மேன் கணக்கும் பவுலர் கணக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தே பழகிய கை. டி.வி. விளையாட்டு விவாதங்களைப் பற்றி எழுத எனக்கிருக்கும் தகுதி இதுவும், அவற்றை விடாமல் பார்ப்பதும்தான்.

ஏன் பார்க்கிறேன்? மேட்ச் முடிந்த கையோடு டி.வி.யை அணைத்துவிட்டுப் படுக்க மனசு வராது. தோற்றால் யாரையாவது திட்ட வேண்டும், ஜெயித்தால் திரும்பத் திரும்பப் பேச வேண்டும். வீட்டில் இதைக் கேட்க ஆள் கிடையாது. நம் ஆத்திரத்தை நம்மைவிடச் சத்தமாகப் பேச நாலு பேர் கோட் போட்டு உட்கார்ந்திருக்கும்போது ரிமோட்டை எப்படி எடுப்பது? நடுநடுவே நல்ல சரக்கும் கிடைக்கும். ஒரு முன்னாள் வேகப்பந்து வீச்சாளர் பழைய பந்து ஒன்றைக் கையில் எடுத்து, புதுப் பந்து பளபளப்பு இல்லாத பக்கமாக வளையும், நன்றாகத் தேய்ந்த பந்து பளபளப்பான பக்கமாகத் திரும்பும் என்று விரலைத் தையல்மேல் வைத்துக் காட்ட ஆரம்பித்தார். நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டேன். நெறியாளர் கையை உயர்த்தினார்: பிரேக்குக்கு அப்புறம் பேசலாம். பிரேக்குக்கு அப்புறம் கேப்டனைத் தூக்கலாமா வேண்டாமா என்பதற்குப் போய்விட்டார்கள். பந்து மேஜைமேல் அப்படியே கிடந்தது.

சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். முடிவைப் பார்த்துவிட்டு ஆட்டத்துக்கு மார்க் போடுவதைத்தான் தாங்க முடியவில்லை. 2024 டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய 7 ஆட்டங்களில் கோலி எடுத்தது மொத்தமே 75 ரன். இறுதியில் மட்டும் 59 பந்தில் 76. அரை சதத்துக்கே 48 பந்து பிடித்தது. இந்தியா 176. பதிலுக்கு ஆடிய தென்னாப்பிரிக்காவுக்குக் கடைசி 30 பந்தில் 30 ரன் போதும், கையில் 6 விக்கெட், கிளாசன் வெளுத்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து அவர்கள் ஜெயித்திருந்தால் அன்றிரவு விவாதத் தலைப்பு என்னவாக இருந்திருக்கும்? 'கோப்பையைக் கோட்டைவிட்டாரா கோலி?' என்பதைத் தவிர வேறென்ன?

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். 16-லிருந்து 19 வரை நாலு ஓவரில் பும்ராவும் பாண்டியாவும் அர்ஷ்தீப்பும் கொடுத்தது 14 ரன். கடைசி ஓவர் முதல் பந்தில், தென்னாப்பிரிக்காவின் மில்லர் தூக்கி அடித்த பந்தை எல்லைக்கோட்டில் சூர்யகுமார் கேட்ச் பிடித்தார். 7 ரன்னில் இந்தியாவுக்கு வெற்றி, கோலி ஆட்ட நாயகன். ஸ்கோர் புத்தகத்தில் அதே 59 பந்து, அதே 76 ரன்தான். 34 ரன்னுக்கு 3 விக்கெட் போன பிறகு அவர் நிதானமாக ஆடியது சரியா, இன்னும் கொஞ்சம் முன்னாலேயே வேகம் கூட்டியிருக்க வேண்டாமா என்பது விடிய விடியப் பேசத் தக்க விஷயம். அதற்கான விடை மில்லரின் கேட்ச்சில் இல்லை.

சரி, அதெல்லாம் கருத்து. ஆளுக்கொன்று இருக்கட்டும். சட்டப் புத்தகத்தில் இருப்பதுமா? ஒரு நாள், ஸ்டம்புக்குப் போகும் பந்தைக் காலால் மறித்தார் என்று கேட்கும் எல்.பி.டபிள்யூ. அப்பீல் ஒன்றுக்கு அவுட் கொடுக்கவில்லை என்று அம்பயரைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே பிட்ச் ஆனது திரையிலேயே தெரிகிறது. அப்படிப்பட்ட பந்துக்கு எல்.பி.டபிள்யூ. கிடையாது. நாலு பேரில் ஒருவரும் சொல்லவில்லை, நிகழ்ச்சி முடிந்தே போனது.

அமெரிக்காவில் இ.எஸ்.பி.என். சேனலில் 2001-லிருந்து 'பார்டன் தி இன்டரப்ஷன்' என்றொரு விவாதம் ஓடுகிறது. இரண்டு மூத்த பத்திரிகையாளர்கள் மல்லுக்கு நிற்பார்கள், ஒவ்வொரு தலைப்புக்கும் கடிகாரம் ஓடும். நிகழ்ச்சியின் கடைசியில், அன்றைக்கு அவர்கள் தப்பாகச் சொன்ன பெயரையும் எண்ணையும் எடுத்துக்காட்ட ஓர் ஆளையே வைத்திருந்தார்கள். சண்டை ஒன்றும் சப்பென்று ஆகிவிடவில்லை, இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதே சேனலில் 2025-ல் நிறுத்தப்பட்ட இன்னொரு நிகழ்ச்சியில் பேசுகிறவரின் மைக்கை அணைக்க நெறியாளர் கையில் பட்டனே உண்டு. அதையும் கேட்டால் பேராசை என்பீர்கள். எனக்கு அந்தக் கடைசி நிமிடம் போதும்.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். விவாதத்தில் ஒருவர் குரலை உயர்த்தினால் மறுநாள் விளையாட்டுப் பக்கத்தில் 'முன்னாள் வீரர் விளாசல்' என்று மூன்று பத்தி வந்துவிடுகிறது. அச்சுக்குப் போகுமுன் அவர் சொன்ன கணக்கை ஸ்கோர்கார்டோடு ஒரு தடவை ஒத்துப்பாருங்கள். தப்பாக இருந்தால் அந்தச் செய்தியின் கீழேயே சரியான எண்ணை ஒரு வரியில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஸ்கோர் எழுதும் வாசகன்