மூக்கும் இல்லை, வாலும் இல்லை

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது ராக்கெட்டா, நூல்கண்டா?" என்று கேட்டார் அப்பா. கூம்பு கிடையாது, இறக்கை கிடையாது. ஒரு அட்டைக் குழாய், மேலும் கீழும் வட்டத் தட்டு, அவ்வளவுதான். அகலமான தட்டுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறையும், அந்த இழுவையே அதை நேராகப் போக வைக்கும், இறங்கும்போது பாராசூட்டும் வேண்டாம் என்று நான்தான் விளக்கினேன். பிசிக்ஸ் டீச்சரான எனக்கு இதுகூடவா தெரியாது!

மோட்டார் சி6-0 என்று பெட்டியில் தெரிந்தது. சி என்றால் மொத்தக் கணத்தாக்கு, அதாவது உந்துவிசையை அது நீடிக்கிற நேரத்தால் பெருக்கியது, 10 நியூட்டன் விநாடிக்குள், சராசரி உந்துவிசை 6 நியூட்டன். 0 போட்டது இரண்டடுக்கு ராக்கெட்டின் கீழடுக்குக்கானது. மருந்து எரிந்து முடிகிறபோது முன்பக்கமாகவும் தீ பாயும். அதனால் மேல் தட்டில் குழாயின் வாயை அடைத்துவிடாதே. சி-க்கு அடுத்த பெரிய அளவான டி மோட்டார் வரைக்கும் 15 அடி தள்ளி நின்றால் போதும் என்பது விதி. இது பறக்கவிட்டுப் பார்க்காத ராக்கெட், நீ 30 அடி தள்ளியே நில். வேடிக்கை பார்க்க வருகிறவர்களையும் தள்ளி நிற்கச் சொல்.

பொத்தானை அழுத்தியும் பற்றவில்லை என்றால் உடனே கிட்டே போகாதே. ஏவுகிற பொத்தான் பெட்டியின் சாவியை உருவிவிட்டு 60 விநாடி பொறு. அந்தத் தீபாவளி ஞாபகம் இருக்கிறதல்லவா? புருவம்!

தட்டை எவ்வளவு சுத்தமாக வெட்டியிருக்கிறாய்! தையல்கடை மாமாவிடம்கூடக் காட்டினேன். ஆனால் போட்டோ மட்டும்தான் வருகிறது, கூட இரண்டு வரி எழுதினால் கை வலிக்குமா?

பிசின் தடவுகிற போட்டோவில் ஜன்னல் வெயில் மேஜை முழுக்க விழுந்திருக்கிறது. அங்கே செவ்வாய்க்கிழமை நடுப்பகல். புதன்கிழமை போட்டோவிலும் அதே வெயில். லீவு போட்டிருப்பாய். பிசின் காயவும் நேரம் வேண்டுமே.

மாடிவீட்டு அக்கா மகனுக்கு அங்கே வேலை போய்விட்டதாம். 60 நாளுக்குள் வேறு கம்பெனி கிடைக்காவிட்டால் விசா சிக்கலாகிவிடுமாம். பையன் வீட்டில் மூச்சே விடவில்லை, யாரோ சொல்லித்தான் அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. வேலை போனதற்குக்கூட அவள் அழவில்லை, சொல்லாமல் விட்டானே என்றுதான் அழுகிறாள். சரி, இதை உனக்கு எதற்கு எழுதுகிறேன். தெருச் செய்தி, அவ்வளவுதான்.

அத்தை மகளுக்கு வளைகாப்பு, அந்தக் கதையெல்லாம் அப்புறம். காற்று பலமாக அடித்தால் ஏவாதே, இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். காய்ந்த புல் இருக்கிற இடமும் வேண்டாம். பற்றவில்லை என்றால் கிட்டே போகாதே, ஒரு நிமிஷம் பொறு. முன்பே எழுதிவிட்டேன், இருந்தாலும் சொல்கிறேன்.

பறந்ததா இல்லையா என்று போன் பண்ணு. இங்கே நடுராத்திரி என்று பார்க்காதே. வேலை நாளில், ஆபீஸ் நேரத்தில் கூப்பிட்டாலும் சரி, ஏன் இந்நேரத்தில் என்று கேட்கமாட்டேன்.

அம்மா