சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள மாணிக்கம்,

பேத்தி பிறந்ததற்கு வாழ்த்து. தங்கச்சிக்கு இனி உன்னைத் திரும்பிப் பார்க்கக்கூட நேரமிருக்காது! இங்கே மழை விட்டபாடில்லை.

நீ கேள்விப்பட்டது சரிதான், என் பட்டறையின் பழைய கோல்செஸ்டர் லேத்துக்கு (கடைசல் இயந்திரம்) டிஜிட்டல் ரீட்அவுட், அதாவது நகர்ந்த அளவை எண்ணாகக் காட்டும் திரை, மாட்டிவிட்டேன். அதன் டயல்கள் அங்குலக் கணக்கு, செம்பனை ஆலையிலிருந்து வரும் வரைபடமோ மில்லிமீட்டர். 25.4ஆல் வகுத்தே மண்டை காய்ந்தது. இப்போது ஒரு பொத்தானோடு முடிகிறது. அதைவிட நிம்மதி, ஸ்லைடை நகர்த்தும் திருகில் இருக்கும் தேய்மான ஆட்டம் இனிக் கணக்கில் வராது. ஸ்லைடு நகர்ந்ததை மட்டுமே திரையோடு இணைந்த அளவுப்பட்டையான ஸ்கேல் அளக்கிறது. கைப்பிடி வெறுமனே கால் சுற்று சுற்றினாலும் திரையில் எண் அசையாது.

கண்ணாடி ஸ்கேலா, காந்த ஸ்கேலா என்று கேட்டிருந்தாய். லேத் படுக்கையின் பின்பக்கம் கண்ணாடி ஸ்கேல் போட்டேன், சீவலும் கூலண்டும் புகாதபடி ரப்பர் உதடு கீழே பார்க்க. டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடில் இடம் ஏது? அங்கே மெல்லிய காந்த ஸ்கேல்தான். வேண்டிய நீளத்துக்கு வெட்டிக்கொள்ளலாம், எண்ணெய் பட்டாலும் பாதகமில்லை. வேலைத்துண்டைப் பிடிக்கும் சக் பக்கம் வைத்தால் சீவல் அடித்தே கெடுக்கும் என்று, மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் பக்கம் வைத்தேன். டெயில்ஸ்டாக் முன்புபோல் நெருங்கி வராது, பரவாயில்லை.

பொறுமை வேண்டியது ஸ்கேல் படுக்கைக்கு இணையாக இருக்கிறதா என்று பார்ப்பதில்தான். டயல் கேஜை, டூலைச் சுமந்து படுக்கைமேல் ஓடும் கேரியேஜில் கட்டி, முனையை ஸ்கேலின் முதுகில் வைத்து முழு நீளமும் ஓட்டு. ஸ்கேலைப் பிடிக்கும் திருகை அரைகுறையாக இறுக்கிவிட்டு, முள் ஆடாமல் நிற்கும்வரை மரக்கட்டையால் மெல்லத் தட்டிக்கொண்டே இரு. அப்புறம் பக்கவாட்டு முகத்துக்கும் அதே வேலை. வார்ப்பிரும்பில் துளை போடும்போது எண்ணெய் வேண்டாம், காய்ந்தே போடு.

ஆனால் இதை மாட்டினால் அளவு தானாக வந்துவிடும் என்று உன் பையன் சொல்வதை நம்பாதே. டூல் முனை மழுங்கியதோ, நீளமான ஷாஃப்ட் வெட்டும்போது வளைந்ததோ திரைக்குத் தெரியாது. நம் இரண்டு அச்சு ரீட்அவுட்டுக்குக் கிராஸ் ஸ்லைடுமேல் இருக்கும் சின்னக் காம்பவுண்ட் ஸ்லைடு நகர்ந்ததுகூடத் தெரியாது, அதைப் பூட்டியே வை. முதல் வெட்டு போட்டு, மைக்ரோமீட்டரால் அளந்து, அந்த விட்டத்தைத் திரையில் ஏற்று. கிராஸ் ஸ்லைடை விட்டக் கணக்கில் வைக்க மறக்காதே. டூல் 1 மில்லிமீட்டர் உள்ளே போனால் விட்டம் 2 குறையும்.

தீபாவளிக்கு ரயில் ஏறும்போது உன் பெரிய மைக்ரோமீட்டரையும் எடுத்து வா. ஆலைக்காரர்கள் ஒரு தடித்த ஷாஃப்ட் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், என்னிடம் இருப்பது அதற்கு எட்டாது.

அன்புடன்,
செல்வம்