அந்த விண்ணப்பத்தை வெளியே எடு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கெல்லாம் நிம்மதி. இங்கே சின்னவள் பத்தாவது போய்விட்டாள், வீட்டில் டிவி சத்தமே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். லேத் பட்டறைக்கான கடன் விண்ணப்பம் ஆறு மாதமாக டிராயரிலேயே கிடக்கிறது, நேரமே கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தாய். அந்த வரியை மூன்று தடவை படித்தேன். பல வருஷமாக நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் அக்கவுண்ட் டெஸ்ட், அதுதான் அரசு ஊழியர்கள் எழுதும் அந்தத் துறைத் தேர்வு, ஞாபகம் இருக்கிறதா? மே, டிசம்பர் என்று வருஷத்துக்கு இரண்டு தடவை வரும். ஒவ்வொரு தடவையும் பரீட்சைக்கு நாலு நாள் இருக்கும்போதுதான் அலமாரியை ஒழுங்குபடுத்தத் தோன்றும், சொந்தக்காரர் கல்யாணத்தில் பந்தல் வேலையை இழுத்துப்போட்டுச் செய்யத் தோன்றும். ஃபெயிலானதும், "படிக்கவே இல்லையே, படித்திருந்தால் பாஸ்தான்" என்பேன். போன டிசம்பரில் பரீட்சைக்கு முந்தைய ராத்திரி மிக்ஸியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "படிச்சும் ஃபெயிலாயிட்டா என்ன பண்றதுன்னு பயமா இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அப்புறம்தான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். 1978-இல் பெர்க்லாஸ், ஜோன்ஸ் என்று இரண்டு பேர் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்திருக்கிறார்கள். விடையே இல்லாத கேள்விகளைக் கொடுத்து, மாணவர்கள் குத்துமதிப்பாக எழுதியதற்கு "பிரமாதம்" என்று சொல்லியிருக்கிறார்கள். அடுத்த தேர்வுக்கு முன்னால் இரண்டு மருந்து, ஒன்று மூளைக்குத் துணை செய்யும், இன்னொன்று மந்தமாக்கும், எது வேண்டும் என்று கேட்டால், ஆண்களில் நிறையப் பேர் மந்தமாக்குவதைக் கேட்டார்களாம். தோற்றால் பழி மருந்தின் மேல் போய்விடும் அல்லவா? எனக்கு அந்த மருந்து மிக்ஸியும் கல்யாணப் பந்தலும்தான் மாப்ளே.

இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். மனசு சாக்குச் சொல்லும்போது அதே வார்த்தையில் எழுதிவிடுவேன். ஒரு பக்கத்தில் இப்படி இருக்கிறது: "மணி 9.40. தலைவலி, நாளைக்குப் பார்க்கலாம்." அதற்குக் கீழே, "தலை வலிக்கிறதா? இல்லை. ஆறாவது பாடம் புரியவில்லை." பயத்துக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டால் இருபது நிமிஷமாவது உட்கார முடிகிறது. அந்தக் குரல் நின்றுவிடவில்லை, நேற்றுக்கூட வந்தது. ஆனால் இந்த மே மாதம்தான் முதல்முறையாகப் படித்துவிட்டுப் போய் எழுதினேன், ஹாலில் கை நடுங்கியது. ரிசல்ட் இன்னும் வரவில்லை.

உனக்கும் பயம்தான் என்று நானாக முடிவு கட்டவில்லை, நிஜமாகவே வேலை நெருக்கடியாக இருக்கலாம். ஆனாலும் இன்று ராத்திரி அந்த விண்ணப்பத்தை எடுத்து, எந்தக் கட்டம் நிரப்பாமல் இருக்கிறது என்று மட்டும் பார்த்து எனக்கு எழுது. மெஷின் கொட்டேஷன்தான் பாக்கி என்றால் அடுத்த சனிக்கிழமை நான் பஸ் ஏறி வருகிறேன், இரண்டு பேரும் சேர்ந்தே போய் வாங்கலாம்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன் மாப்ளே