செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

நம் பறவை ஆர்வலர் சங்கத்தின் செயற்குழு விதிப்படி கூடியது. பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் மாணவர்களுக்கான காலைநடையும் நடந்தன. கரிக்கிலி பறவைகள் சரணாலயத்துக்குப் போய்வந்தோம், வேன் வாடகை எதிர்பார்த்ததைவிடக் கூடிவிட்டது.

இனி, "இதெல்லாம் எதற்கு?" என்று சென்ற பொதுக்குழுவில் கேட்கப்பட்ட வாத்து இணைகூடல் பதிவேடு, அதாவது நம் ஏரியில் வாத்துகள் ஜோடி சேர்வதைப் பார்த்து எழுதும் குறிப்பு. கேட்டவர்கள் இன்று வரவில்லை. வந்தவர்களுக்காவது சொல்லியாக வேண்டும்.

வலசை வாத்துகள் நம் ஏரிக்கு இரைக்காக மட்டும் வருவதில்லை. ஊசிவால் வாத்தும் கிளுவையும் பெரும்பாலும் குளிர்காலத்தில், வந்த இடத்திலேயே ஜோடி சேர்கின்றன. பிறகு பெட்டை பெரும்பாலும் தான் பிறந்த வட்டாரத்துக்குத் திரும்பும். ஆண் அதன் பின்னால் போகும். சைபீரியாவில் முட்டையிடும் ஜோடிக்கு இங்கேயே நிச்சயதார்த்தம் முடிந்திருக்கலாம். எனவே வெறும் தலை எண்ணிக்கை பாதிச் செய்திதான்.

அக்டோபரில் வரும் ஆண்கள் மங்கிய இறகில் பெட்டை போலவே இருக்கும். நீலச்சிறகி வாத்தின் ஆண் நிறம் மாறுவதில் மிகத் தாமதம். அகன்ற வெள்ளைப் புருவம் தெளிய மாசி ஆகிவிடும். "எல்லாம் பெட்டை" என்று எழுதிய பதிவுத் தாள்கள் அதனால்தான் திருப்பி அனுப்பப்பட்டன. பறக்கும்போது முன்சிறகைப் பாருங்கள்: ஆணுக்கு வெளிர் நீலச் சாம்பல், பெட்டைக்கு மங்கிய பழுப்புச் சாம்பல்.

இணை தேடும்போது ஊசிவால் வாத்தில் ஒரு பெட்டையைச் சுற்றி நாலைந்து ஆண்கள் நெருங்கி நீந்தும். ஒன்று கழுத்தைச் செங்குத்தாக நீட்டி, அலகைத் தாழ்த்தி, மெல்லிய சீழ்க்கை விடும். இன்னொன்று அலகை நீரில் நனைத்து, பெட்டையின் பக்கம் துளி தெறிக்க உடலை வளைத்து எழும்பும். தலையும் வாலும் ஒரே நொடியில் மேலே தூக்கப்படுவதும் உண்டு. விலங்கு நடத்தை ஆய்வாளர் கான்ராட் லோரன்ஸ் 1941இல் இந்த அசைவுகளை இனவாரியாக ஒப்பிட்டு வகைப்படுத்தினார். நம் தாளின் குறியீடுகள் அதன்படியே.

நீலச்சிறகி ஆண் உச்சந்தலை முதுகில் படும்வரை தலையைப் பின்னுக்குச் சாய்க்கும். கூடவே கரகரவென்ற வறட்டு ஒலி.

ஆனால் கண் ஆண்மேலேயே இருந்தால் பதிவு வீண். பெட்டை தனக்குப் பிடித்த ஆணை ஒட்டி நீந்தியபடி, வேண்டாத ஆணை நோக்கித் தோளுக்கு மேலாக அலகை ஆட்டும். ஜோடி எது என்று சொல்வது அந்த அசைவுதான்.

சேர்க்கைக்கு முன் இரண்டும் தலையை மேலும் கீழும் ஆட்டும். பெட்டை நீரோடு தட்டையாகப் படுக்கும். ஆண் பிடரி இறகைக் கவ்வி ஏறும். சில நொடியில் முடிந்துவிடும். பிறகு குளியல். குளியலை மட்டும் பார்த்தவர்கள் குளியல் என்றே எழுதவும். தட்டைவாயன் வாத்துகள் கூட்டமாக வட்டமடிப்பது இரை தேடல்; அதையும் காதலில் சேர்த்திருக்கிறார்கள்.

உள்ளூர்ப் புள்ளிமூக்கு வாத்தில் ஆணும் பெட்டையும் ஏறக்குறைய ஒரே தோற்றம். மேய்ச்சல் வாத்து அருகில் இருந்தால் தனியே குறிக்கவும், கலப்புக்கு வாய்ப்புண்டு.

இதற்கு இருவர் வேண்டும்: ஒருவர் பார்க்க, ஒருவர் எழுத. ஒரே பெட்டையை இருபது நிமிடமாவது விடாமல் பார்க்க வேண்டும். வாட்ஸப்பில் கட்டைவிரல் காட்டியவர்களில் பாதிப்பேர் ஏரிக்கரையில் காணோம். வந்த சிலரும் படமெடுக்கக் கரையிறங்கி, கூட்டம் எழும்பி, அன்றைய காலையே போயிற்று. பதிவேட்டில் மாசிப் பக்கங்கள் மெலிந்திருப்பதற்குக் காரணம் வாத்துகள் அல்ல.

வரவுசெலவு தணிக்கைக்குப் பின் பொருளாளரால் வைக்கப்படும். கையிருப்பு உண்டு, பெருமைப்படும் அளவில் இல்லை. சந்தா பாக்கிப் பட்டியலைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் சொன்னதால் படிக்கவில்லை. பட்டியல் நீளம்.

வனத்துறைக்கும், ஊராட்சிக்கும், மண்டபம் தந்தவர்களுக்கும், தேநீர் ஏற்பாட்டாளர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் பதிவேடு தொடர வேண்டுமானால் தொலைநோக்கியின் முக்காலியை மாற்றியாக வேண்டும். ஒரு காலின் திருகு தேய்ந்து, காற்றடித்தால் ஆடுகிறது. மனமுள்ளவர் யாரென்று நான் சொல்லத் தேவையில்லை. செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்றாலும் மகிழ்ச்சியே. பதிவேட்டோடு சேர்த்து ஏற்க வேண்டும். ரசீதுப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது. தேநீருக்கு முன் பொருளாளரைப் பார்க்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்