வென்டிலேட்டர் குழந்தைக்கு 24 மணி நேர இ.இ.ஜி. தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வென்டிலேட்டரில் உள்ள குழந்தையின் தலைமாட்டுத் திரையில் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் எல்லாம் ஓடும். மூளைக்கு மட்டும் ஒரு கோடு இராது. கடலூர், புதுச்சேரி மருத்துவமனைகளில் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கருவி வாங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

தசையைத் தளர்த்தும் மருந்து ஏறியிருந்தால் வலிப்பு வந்தாலும் கைகால் வெட்டாது. மூளைக்குள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். திடீரென நாடி ஏறுவதும் கண்மணி விரிவதும் வலியாலும் வரலாம். மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுத்தால்தான் உறுதியாகத் தெரியும். அதையும் அரை மணி நேரம் எடுத்து 'நார்மல்' என்று எழுதி மூடிவிடுகிறார்கள். வலிப்போ விட்டுவிட்டு வருவது. குறைந்தது 24 மணி நேரம் பதிய வேண்டும் என்று அமெரிக்க நரம்பு உடலியங்கியல் சங்கம் 2015-லேயே பரிந்துரைத்துவிட்டது.

பதிவு கெடுவது பெரும்பாலும் தலையிலேயே. நம் பிள்ளைகளின் முடியில் தேங்காய் எண்ணெய் ஊறியிருக்கும் (பாட்டிகளைக் குறை சொல்லவில்லை). எண்ணெய் இருந்தால் தலையில் ஒட்டும் மின்முனை சரியாகத் தொடாது. ஷாம்பு போட்டுத் துடைத்து, தோலை லேசாகத் தேய்த்து, மின்தடையை 5 கிலோ ஓமுக்குள் கொண்டுவந்த பிறகே பதிவைத் தொடங்க வேண்டும். மருந்து பம்புகளின் வயர் மின்முனை வயரோடு பின்னிக் கிடந்தால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் புகும், பிரித்து வையுங்கள். பிசின் அடியில் தோல் புண்ணாகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். முழு மின்முனைகளும் பொருத்த ஆள் இல்லாவிட்டால் நான்கு மின்முனைப் பதிவாவது போடலாம். ஆனால் சிறிய, குறுகிய வலிப்பு அதில் தப்பிவிடும்.

எக்மோவில் (ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் கருவி) உள்ள குழந்தைக்கு ஆபத்து இரு பக்கமும். குழாயில் ரத்தம் உறையாதிருக்க ஹெப்பாரின் என்ற மருந்து தருகிறோம். அதனாலேயே மூளையில் ரத்தம் கசியலாம். உச்சிக்குழி மூடாத கைக்குழந்தைக்குப் படுக்கையருகிலேயே தலை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்துவிடலாம். மூளையின் ஆக்சிஜன் அளவைக் காட்ட நெற்றியின் இருபுறமும் ஒட்டும் அகச்சிவப்பு உணரியின் எண் தொடக்க அளவிலிருந்து 20 சதவீதம் இறங்கினால் குழாயின் இடம், ஹீமோகுளோபின், ரத்தத்தின் கார்பன் டை ஆக்சைடு மூன்றையும் உடனே பாருங்கள். கார்பன் டை ஆக்சைடு மளமளவென்று குறைந்தால் மூளை ரத்தக்குழாய்கள் சுருங்கிவிடும்.

கருவி வந்தாலும் இரவில் பதிவைப் படிக்க ஆள் வேண்டும். பெரிய மருத்துவமனையிலிருந்து இணையம் வழியே படித்துச் சொல்ல ஏற்பாடு செய்யலாம். அதுவரை மணிக்கொரு முறை, ஒரே டார்ச்சால், கண்மணி அளவை மில்லிமீட்டரில் குறித்து வைப்பதற்குச் செலவே இல்லை.

இப்படிக்கு,
குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்கள்,
புதுச்சேரி