எழுந்து வந்துவிட்டால் நட்டமில்லையாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழோடு சென்ற மாதம் இணைப்பாக வந்த சுற்றுலா மலரில், குறைந்த செலவில் விடுமுறையைக் கழிப்பது பற்றிய கட்டுரையின் கடைசிப் பத்தியில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தது: 'சலுகை விலையில் விடுமுறை தருவதாகத் தொலைபேசியில் அழைப்பு வந்தால் தயங்காமல் போய் வாருங்கள், அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிட்டால் உங்களுக்கு நட்டம் ஏதுமில்லை.' போதாக்குறைக்கு, தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்ற பழமொழியையும் கட்டுரையாளர் துணைக்கு அழைத்திருக்கிறார். அந்த அழைப்பு டைம்ஷேர், அதாவது ஒரு விடுதியில் ஆண்டுக்கு ஒரு வாரம் தங்கும் உரிமையை விற்பவர்களின் அழைப்பு; அவர்களுடைய விற்பனை அறைக்குள் அவர் ஒரு முறையேனும் உட்கார்ந்தவராக இருந்தால், 'எழுந்து வந்துவிட்டால்' என்பதை அத்தனை இலகுவாக எழுதியிருக்க மாட்டார்.

நான் உட்கார்ந்திருக்கிறேன். என் அக்காவுக்கு அப்படியோர் அழைப்பு வந்தது. குலுக்கலில் அவருடைய எண் தேர்வாகியிருப்பதாகவும், கடலோர விடுதியில் தம்பதியாக மூன்று இரவுகள் தங்கலாம் என்றும், முன்பதிவுக்கென ஒரு சிறு தொகையைக் கடன் அட்டையில் செலுத்தினால் போதும், வந்து சேர்ந்ததும் அதுவும் திருப்பித் தரப்படும் என்றும் அந்தக் குரல் சொன்னது. அடுத்து வரிசையாகக் கேள்விகள்: கணவரும் கட்டாயம் வருவாரா, இருவருக்கும் வயது என்ன, வருமானம் இன்ன அளவுக்கு மேல் உண்டா, சொந்த வீடா. பரிசு கொடுப்பவருக்குப் பெறுபவரின் வருமானம் எதற்கு என்று அக்காவுக்குத் தோன்றவில்லை. அழைத்தவரின் குரலில் அவ்வளவு உரிமை இருந்ததாம். நான் கணக்குத் தணிக்கையில் காலம் தள்ளியவன் என்பதால், 'எதற்கும் நீயும் கூட வா' என்றார். போனேன், என் தங்கல் என் செலவில்தான்.

'ஒன்றரை மணி நேர அறிமுகக் கூட்டம்' என்று சொல்லப்பட்டது மதிய உணவு நேரத்தைத் தாண்டியும் முடியவில்லை. அறையில் கடிகாரம் இல்லை. ஒரு மேசைக்கு ஒரு தம்பதி, எதிரே ஒரு விற்பனையாளர். எந்த மேசையில் கையெழுத்து விழுந்தாலும் ஒலிபெருக்கியில் பெயரை அறிவித்துக் கைதட்டுவார்கள். எங்கள் மேசைக்கு வந்த இளைஞர் முதல் கால் மணி நேரம் டைம்ஷேர் என்ற பேச்சையே எடுக்கவில்லை. பேரப்பிள்ளைகள் எத்தனை பேர், கடைசியாகக் குடும்பத்தோடு எங்கே போனீர்கள் என்றுதான் விசாரித்துக்கொண்டிருந்தார். பிறகு வெள்ளைத்தாளில் ஒரு தொகையை எழுதி, நாங்கள் முகம் சுளித்ததும் சிவப்புப் பேனாவால் அடித்து, அதன் கீழே அதில் ஏறக்குறைய பாதியை எழுதினார். அத்தான் யோசிக்க வேண்டும் என்றார். உடனே மேலாளர் ஒருவர் வந்து உட்கார்ந்து, அதையும் அடித்து மூன்றாவதாக ஒரு தொகையை எழுதி, 'இது இன்றைக்கு மட்டும், இந்த அறையை விட்டு வெளியே போனால் கிடையாது' என்றார். ஒரே பொருளுக்கு ஒரே காலைப்பொழுதில் மூன்று விலை சொல்லும் கடையில் நான்காவது விலையும் இருக்கும் என்பது தணிக்கை படித்தவனுக்குத்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. நான் வாயைத் திறந்தபோது, 'சார், இது தம்பதியின் முடிவு, நீங்கள் வெளியே காப்பி சாப்பிடலாமே' என்று மிகுந்த பணிவோடு கதவைக் காட்டினார்கள். நான் திரும்பி வருவதற்குள் கைதட்டல் முடிந்திருந்தது.

படித்தவர்கள், நிதானமானவர்கள், வீட்டில் ஒரு மின்விசிறி வாங்குவதற்கே நாலு கடை ஏறி இறங்குபவர்கள் அவர்கள் இருவரும். அந்த அறை அவர்களைப் போன்றவர்களுக்காகவே அமைக்கப்பட்டது. வந்த உபசரிப்புக்கு நன்றிக்கடன், எதிரே இருக்கும் பிள்ளையின் முகத்தை முறிக்கத் தயக்கம், பசி, அலுப்பு என்று எல்லாமாகச் சேர்ந்துதான் கையெழுத்தாகிறது. கட்டுரையாளர் இதற்கெல்லாம் நட்டக்கணக்கில் இடம் கொடுக்கவில்லை.

கையெழுத்தே போடாதவருக்கும் சிறிய எழுத்து நிபந்தனைகள் உண்டு. பயணச் செலவும் வரிகளும் சலுகையில் சேராது. நெரிசல் காலத்தில் இடம் கிடையாது. தேதி 'காலியிடத்தைப் பொறுத்தது'. கூட்டத்துக்குக் கணவன் மனைவி இருவரும் வராவிட்டாலோ, பாதியில் எழுந்து போனாலோ, தங்கிய அறைக்கு முழு வாடகை வசூலிக்கப்படும். அட்டை எண்ணை முன்கூட்டியே வாங்கிக்கொண்டது அதற்குத்தான். எழுந்து வருவதற்கே கட்டணம் வைத்திருப்பவர்களிடம் போய் எழுந்து வந்துவிடச் சொல்கிறது தங்கள் இதழ்.

மாட்டுக்கு வருவோம். வாங்கிய பிறகு ஆண்டுதோறும் தீனி போட வேண்டிய மாடு அது. ஆண்டில் ஒரு வாரம் தங்கும் உரிமையோ அதற்கு ஈடான புள்ளிகளோதான் வாங்குபவர் கைக்கு வருகிறது. போனாலும் போகாவிட்டாலும் பராமரிப்புக் கட்டணம் ஆண்டுதோறும் கட்ட வேண்டும், அதை உயர்த்தும் உரிமை நிறுவனத்திடம். வேறு ஊரில் தங்க வேண்டுமென்றால் பரிமாற்ற நிறுவனத்தின் உறுப்பினர் கட்டணம் தனி, ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் கட்டணம் தனி. விற்கலாம் என்றால், சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் கிடைப்பது அரிது. பள்ளி விடுமுறைக் காலத்தில் அக்கா இடம் கேட்டபோதெல்லாம் 'நிரம்பிவிட்டது' என்ற பதில்தான் வந்தது. அதே வாரத்துக்கு அதே விடுதியில், உறுப்பினர் அல்லாதவர்களுக்கு இணையத்தில் அறை கிடைத்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

ஒரு திட்டம் என்ற அளவில் டைம்ஷேர் 1960களில் ஐரோப்பாவில் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் ஹாப்பிமாக் நிறுவனம் 1963லும், உறுப்பினர்கள் வாரங்களை மாற்றிக்கொள்ள உதவும் ஆர்.சி.ஐ. என்ற பரிமாற்ற நிறுவனம் அமெரிக்காவில் 1974லும் வந்தன. விரும்பி வாங்கி, நிம்மதியாக அனுபவிப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால், விரும்பி வாங்குபவரை யாரும் குலுக்கல் பரிசு சொல்லித் தொலைபேசியில் அழைக்க வேண்டியதில்லை.

தாங்கள் அறியாதது அல்ல, இருந்தாலும் எழுதுகிறேன். பிரிட்டன் 1992லேயே இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியம் 1994ல் கொண்டுவந்த விதி மூன்று ஆண்டும் அதற்கு மேலும் நீடிக்கும் ஒப்பந்தங்களுக்குத்தான் பொருந்தியது. விற்பனையாளர்கள் மூன்று ஆண்டுக்குச் சற்றே குறைந்த ஒப்பந்தங்களையும், தங்குமிடத் தள்ளுபடிக்கு உறுப்பினர் சேர்க்கும் 'விடுமுறை மன்றங்களை'யும் உருவாக்கி அதிலிருந்து நழுவினார்கள். ஆகவே 2008/122 என்ற எண்ணுள்ள புதிய விதி வந்தது. அதன்படி, வாங்கியவர் 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் விலகலாம்; அதுவரை ஒரு காசு முன்பணம் வாங்கக் கூடாது; இதை முதலீடு என்று சொல்லி விற்கக் கூடாது; விற்பனைக் கூட்டத்துக்கு அழைக்கும்போதே அது விற்பனைக் கூட்டம்தான் என்று தெளிவாகச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் புளோரிடாவில் விலகும் காலம் 10 நாட்கள். ஸ்பெயின் உச்ச நீதிமன்றம் 2015ல், முடிவே இல்லாத காலத்துக்கு எழுதப்பட்ட ஒப்பந்தங்களைச் செல்லாதவை என்றது. வேடிக்கை பார்த்துவிட்டு நட்டமில்லாமல் எழுந்து வரக்கூடிய வியாபாரத்துக்கு இத்தனை சட்டம் எதற்கு என்று கட்டுரையாளரைக் கேட்டுச் சொல்லுங்கள்.

அக்காவுக்கும் விலகும் காலம் இருந்தது. ஆனால் அதைச் சொல்லும் தாள், தோலுறை போட்ட தடித்த கோப்பின் பின்பக்கப் பைக்குள் மடித்துச் செருகப்பட்டிருந்தது. 'வீட்டுக்குப் போய் நிதானமாகப் பாருங்கள், அடுத்த மாதம் எங்கள் ஆள் அழைத்து எல்லாவற்றையும் விளக்குவார்' என்று சொல்லி அனுப்பினார்கள். விளக்க அழைத்தபோது காலம் கடந்திருந்தது.

இத்தோடு முடிந்ததா? உறுப்பினர் எண்ணைச் சரியாகச் சொல்லி இன்னொருவர் அழைத்தார். நல்ல விலைக்கு வாங்க ஆள் தயாராக இருப்பதாகவும், வரியையும் பதிவுக் கட்டணத்தையும் மட்டும் முன்னதாக அனுப்பினால் போதும் என்றும் சொன்னார். அத்தான் வங்கிக்குக் கிளம்பியே விட்டார். இந்த முறை அக்கா கைப்பேசியைப் பிடுங்கி அணைத்தார். விற்றுத் தருகிறேன் என்று முன்பணம் கேட்கும் இந்த மோசடியைப் பற்றி அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் நெடுங்காலமாக எச்சரித்து வருகிறது. மெக்சிகோவின் ஹலிஸ்கோ போதைக்கும்பல் டைம்ஷேர் உரிமையாளர்களைக் குறிவைத்து இதையே தொழிலாக நடத்தியதென்று, அதோடு தொடர்புடைய நபர்கள் மீதும் நிறுவனங்கள் மீதும் அமெரிக்கக் கருவூலத்துறை 2023ல் தடை விதித்தது. முதல் அழைப்பை நம்பியவர் அடுத்த அழைப்பையும் நம்புவார் என்பது அவர்கள் கணக்கு.

இதையெல்லாம் ஏன் தங்கள் இதழுக்கு எழுதுகிறேன் என்றால், மனத்தாங்கல் இந்த ஒரு கட்டுரையோடு தொடங்கியதல்ல. அதே மலரின் பின்னட்டையில் ஒரு விடுமுறைத் திட்டத்தின் முழுப்பக்க விளம்பரம் இருந்தது. அது தற்செயல் என்றே நம்ப விரும்புகிறேன். முன்னொரு மலரில் கட்டுரையின் எழுத்துருவிலேயே, கட்டுரையின் தலைப்பமைப்பிலேயே ஒரு விளம்பரம் வந்தது; அது விளம்பரம் என்பதைப் பக்கத்தின் அடியில் எறும்பு படிக்கும் அளவில் அச்சிட்டிருந்தீர்கள். அதைச் சுட்டி அப்போதே எழுதினேன். 'மலர் அருமை' என்ற என் முதல் வரியை மட்டும் வெளியிட்டுப் பெருமைப்படுத்தினீர்கள், நன்றி. பண்டிகைச் சிறப்பிதழில் வந்த வாசகர் பரிசுப்போட்டிப் படிவத்தையும் மறக்கவில்லை: பெயர், கைப்பேசி எண், வயது, திருமணமானவரா, மாத வருமானம். ஒரு குறுக்கெழுத்துப் போட்டிக்கு என் வருமானம் எதற்கு? அக்கா அதை நிரப்பி அனுப்பியவர். அழைப்பு அங்கிருந்துதான் வந்தது என்று சொல்ல என்னிடம் சான்று இல்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால், அழைத்தவர் கேட்ட கேள்விகளும் தங்கள் படிவத்தின் கேள்விகளும் வரிசை முதற்கொண்டு ஒன்றாக இருந்தன என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில் அந்த வாக்கியத்துக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். இப்படி அழைப்பவரிடம் அட்டை எண்ணைச் சொல்ல வேண்டாம். நிபந்தனைகளை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். 'இன்றைக்கு மட்டும்' என்ற சொல் வந்தவுடன் அழைப்பைத் துண்டியுங்கள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டால், விலகும் காலத்தைத் தேடிப் பிடித்து, ஒப்பந்தத்தில் சொன்ன முகவரிக்கு எழுத்துமூலம், அனுப்பியதற்குச் சான்றோடு விலகல் கடிதம் அனுப்புங்கள் என்ற அளவில் நாலைந்து வரி போதும். அதற்கும் இடமில்லை என்றால், பரிசுப்போட்டிப் படிவத்திலிருந்து அந்த வருமானக் கட்டத்தையாவது எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற கணக்குத் தணிக்கையாளர்